இயர்போன் எத்தனை ஆண்டு உழைக்கும்? சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசி மழை வலுத்திருந்த ஒரு வாரத்தில் என் வயர்லெஸ் இயர்பட்ஸின் இடப்பக்கம் திடீரென்று ஓய்ந்துபோனது. வாங்கி ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன. ஓராண்டு உத்தரவாதமும் இருந்தது. ஆனாலும் அதை மாற்றி வாங்குவதற்குள் ஏழு வாரங்கள் ஓடிவிட்டன. சர்வீஸ் சென்டருக்கு நான்கு முறை நடக்க வேண்டியிருந்தது. பழுதைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது காகிதம்தான். அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டிருந்தேன், பில்லில் வரிசை எண் இல்லை, பழுது தொடங்கிய நாளைக் குறித்து வைக்கவும் இல்லை. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றையும், அதன் பிறகு என் வீட்டில் நால்வரின் இயர்போன்களைப் பராமரித்துத் தெரிந்துகொண்டவற்றையும் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். இந்த ஊரின் ஈரக்காற்றுக்கும் புழுக்கத்துக்கும் புதியவராக நீங்கள் இருந்தால், மூன்றாவது, நான்காவது படிகளை முதலில் படித்துவிட்டு மற்றவற்றுக்கு வரலாம்.

1. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது விலையைவிட வகையைப் பொறுத்தது. வயர் உள்ள இயர்போனில் தேயக்கூடிய பேட்டரி கிடையாது. வயரும், மொபைலில் செருகும் பின்னும் தாங்கும்வரை அது பாடும். வயரைக் கழற்றி மாற்றும் வசதி இருந்தால், ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் புதிய வயர் போட்டுக் கேட்கலாம். வயர் கழற்ற முடியாத மலிவான இயர்போன் ஓராண்டைத் தாண்டினாலே நல்லது.

இரு காதுகளுக்கும் தனித்தனியாக வரும் இயர்பட்ஸின் ஆயுளை முடிவு செய்வது அதற்குள் இருக்கும் சிறிய லித்தியம் பேட்டரி. பொதுவாக 300 முதல் 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு அதன் கொள்ளளவு கண்ணுக்குத் தெரியும்படி குறையும். தினமும் பயன்படுத்துபவருக்கு இது இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்து மணி நேரம் ஓடியது மூன்று மணி நேரமாகக் குறைந்தால் அது பேட்டரியின் இயல்பான முதுமை. அதைப் பழுது என்று சொல்லி உத்தரவாதம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

கழுத்தில் தொங்கும் நெக்பேண்ட் இவற்றுக்கு இடைப்பட்டது. பேட்டரி பெரியது என்பதால் அது அடிக்கடி சார்ஜ் கேட்காது. கீழே விழுந்து சாக்கடையில் தொலையும் அபாயமும் குறைவு. நாள் முழுவதும் வண்டியில் சுற்றி வேலை பார்ப்பவர், வண்டியை நிறுத்திவிட்டு வாடிக்கையாளரை அழைக்க வேண்டியிருந்தால், அவருக்கு இயர்பட்ஸைவிட இதையே பரிந்துரைப்பேன்.

2. வாங்கிய அன்றே செய்ய வேண்டிய ஆவண வேலை

இதற்குப் பத்து நிமிடம் போதும். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

பெட்டியைத் திறக்கும் முன் அதன் ஆறு பக்கங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகார் செய்வதற்கான தொடர்பு விவரம் ஆகியவை பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். பிறகு சார்ஜிங் கேஸின் மூடிக்குள்ளோ அடியிலோ இருக்கும் வரிசை எண்ணைப் படம் எடுங்கள். எழுத்து மிகப் பொடியாக இருக்கும், நாளடைவில் அழிந்தும் போகும். பில்லில் ஜிஎஸ்டி எண், தேதி, மாடலின் பெயர் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று கடையை விட்டு இறங்கும் முன் பாருங்கள். வரிசை எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பல கடைகளில் கேட்டால்தான் எழுதுவார்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், ஆர்டர் பக்கத்தின் படத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அது பில் ஆகாது. பில்லின் பிடிஎஃப்பைத் தனியாக இறக்கி, உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.

வயர்லெஸ் இயர்போன்களுக்கு இந்தியத் தர அமைவனத்தின் (பிஐஎஸ்) கட்டாயப் பதிவு உண்டு. ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பெட்டியிலோ கருவியிலோ இருக்கும். அதை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டுப் பார்த்தால் எந்த நிறுவனத்துக்கு உரிய எண் என்று தெரிந்துவிடும். நடைபாதையில் கிடைக்கும் போலிகளை இனம் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பொதுவாக உத்தரவாதம் பில் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். தீபாவளித் தள்ளுபடியில் வாங்கிப் பொங்கலுக்குப் பிரிக்கலாம் என்று வைத்திருந்தால் மூன்று மாதங்கள் வீணாகும்.

3. வியர்வை, எண்ணெய், மழை

பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால், எல்லாத் திசையிலிருந்தும் தெறிக்கும் தண்ணீரை அது தாங்கும் என்று பொருள். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம். ஆனால் இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை. வியர்வையில் உப்பு இருக்கிறது, மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் வீசும் கடற்காற்றிலும் உப்பு இருக்கிறது. அது சார்ஜ் ஏறும் உலோகப் பொட்டுகளில் படிந்து பச்சைப் பாசி பிடித்ததுபோல் அரிக்கும். இதைவிட முக்கியமாக, பெரும்பாலான மாடல்களில் அந்தத் தரம் இயர்பட்ஸுக்கு மட்டுமே. சார்ஜிங் கேஸுக்குக் கிடையாது. ஈர இயர்பட்ஸை அப்படியே கேஸுக்குள் போட்டு மூடுவதுதான் நான் பார்த்தவரை பலர் செய்யும் தவறு. நடைப்பயிற்சி முடித்து வந்ததும் பருத்தித் துணியால் துடைத்து, கால் மணி நேரம் மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டு, அதன் பிறகு கேஸில் போடுங்கள்.

எண்ணெய்க் குளியல் நம் ஊரில் பலருக்கும் வழக்கம். தலையில் நல்லெண்ணெய் ஊறும் நேரத்தில் பாட்டுக் கேட்கலாம் என்று இயர்பட்ஸை மாட்டிக்கொண்டால், எண்ணெய் ஒலி வரும் முனையில் உள்ள வலையில் இறங்கிப் படலமாகிவிடும். தண்ணீர் காய்ந்துவிடும், எண்ணெய் காயாது. தினமும் தேங்காய் எண்ணெய் தடவுபவர்கள் காதோரம் வழிவதைத் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். கழுத்தில் போடும் பௌடரும் வியர்வையும் கலந்தால் களிம்புபோல் ஆகி வலையை அடைக்கும். குளித்த உடனே, காதுக்குள் ஈரம் இருக்கும்போது மாட்டுவது கருவிக்கும் நல்லதல்ல, காதுக்கும் நல்லதல்ல. ஈரமும் அடைப்பும் சேர்ந்தால் காதில் பூஞ்சைத் தொற்று வரலாம். அரிப்போ நீர் வடிதலோ இருந்தால் இயர்போனை நிறுத்திவிட்டுக் காது மருத்துவரைப் பாருங்கள். ஒருவர் மாட்டியதை, காதுக்குள் போகும் ரப்பரைக் கழுவாமல் மற்றவர் மாட்ட வேண்டாம்.

மழையில் நனைந்துவிட்டால் உடனே சார்ஜ் போடாதீர்கள். துடைத்து, ரப்பரைக் கழற்றி, வலைப்பகுதி கீழே பார்க்கும்படி வைத்து, சிலிகா ஜெல் பொட்டலங்கள் போட்ட மூடிய டப்பாவில் இரண்டு நாள் விடுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் மாவும் தூசியும்தான் உள்ளே போகும். ஹேர் டிரையரின் சூடு உள்ளே உள்ள பசையை இளக்கும். ஷூ, கைப்பை, மருந்து டப்பா ஆகியவற்றோடு வரும் சிலிகா பொட்டலங்களை எறியாமல் சேர்த்து வைத்திருந்தால் கார்த்திகை முடியும்வரை அவை உதவும்.

4. வாரம் ஒரு முறை சுத்தம்

ஒலி குறைந்துவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்த ஏழு இயர்போன்களில் ஐந்துக்கு நோய் அழுக்குதான். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ரப்பரை மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். மொபைலின் டார்ச்சை அடித்து, குழாய்முனையில் உள்ள வலையைப் பாருங்கள். சுத்தமான வலையில் துளைகள் பூத்தையல்போல் வரிசையாகத் தெரியும். அழுக்கேறிய வலையில் ஓரத்திலிருந்து பழுப்பு மஞ்சளாக ஒரு மெழுகுப் படலம் நடுவை நோக்கி வளர்ந்திருக்கும். துளைகள் பாதி மூடியிருக்கும். அப்படி மூடினால் முதலில் ‘ச’, ‘ஷ’ போன்ற கூர்மையான ஒலிகள் மங்கும், பிறகு மொத்த ஒலியும் இறங்கும்.

வலை தரையைப் பார்க்கும்படி இயர்போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விழும் அழுக்கு கீழே போக வேண்டும், உள்ளே போகக் கூடாது. குழந்தைகளுக்கான, ஈரமில்லாத மெல்லிய பல் துலக்கியால் ஓரத்திலிருந்து வெளிப்புறமாக வருடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் மெழுகை, சுவரில் படம் ஒட்டப் பயன்படும் களிமண் போன்ற ஒட்டுப்பசை உருண்டையால் ஒற்றி ஒற்றி எடுக்கலாம், அழுத்தித் தேய்க்காதீர்கள். ஊசி, சேஃப்டி பின், பல்குச்சி எதையும் வலைக்குள் நுழைக்க வேண்டாம். ஒரு துளை விழுந்தால் அழுக்கு நேராக உள்ளே இருக்கும் ஒலித்தகட்டில் போய் உட்காரும். வாயால் ஊதுவதும் கூடாது. எச்சிலின் ஈரம் உள்ளே போகும்.

சிலிகான் ரப்பரை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். பஞ்சுபோன்ற ஃபோம் முனையை ஆல்கஹாலில் நனைக்காதீர்கள். ஈரத்துணியால் ஒற்றினால் போதும், சில மாதங்களில் அது எப்படியும் மாற்ற வேண்டியதுதான். சார்ஜ் ஏறும் பொட்டுகளையும் கேஸுக்குள் இருக்கும் ஊசிகளையும், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுப் பிழிந்து, மாதம் ஒரு முறை துடையுங்கள். பஞ்சு சொட்டக் கூடாது. துலக்கி, ஆல்கஹால், மாற்று ரப்பர் எல்லாம் சேர்த்து எனக்கு ஆண்டுக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது.

மாட்டும்போது ‘டக்’ என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டால் கவனியுங்கள். காதுக்குள் அடைபடும் காற்று உள்ளே உள்ள ஒலித்தகட்டை நெளிக்கிறது என்பதற்கு அது அடையாளம். அழுத்தித் திணிக்காமல், காது மடலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மெதுவாகத் திருப்பி மாட்டினால் அந்தச் சத்தம் வராது.

5. பேட்டரியைக் காப்பது

லித்தியம் பேட்டரிக்கு எதிரி வெப்பம். கத்திரி வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியிலோ, மூடி நிறுத்திய காரிலோ கேஸை விட்டுவிட்டு அலுவலகத்துக்குள் போவது ஒரு சார்ஜ் சுற்றைவிட அதிகக் கேடு செய்யும். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாமல், கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பிறகு போடுங்கள். அதிவேக சார்ஜர் தேவையில்லை. சாதாரண ஐந்து வோல்ட் சார்ஜர் போதும். முழுவதும் தீர்ந்து அணையும்வரை ஓட்டும் பழக்கத்தை விடுங்கள்.

ஊருக்குப் போகும்போது மாதக்கணக்கில் பூட்டி வைப்பதாக இருந்தால், பாதிச் சார்ஜில் வைத்துவிட்டு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு முறை ஏற்றுங்கள். பூச்சியத்தில் கிடந்த பேட்டரி மீண்டும் எழாமலே போய்விடும்.

6. வயர்

வயர் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் அறுபடும்: மொபைலில் செருகும் பின்னின் கழுத்தில், இரு காதுக்கும் பிரியும் கவட்டில். வயரைப் பிடித்து இழுக்காமல் பின்னைப் பிடித்து எடுங்கள். மொபைலைச் சுற்றி இறுக்கிச் சுற்றாமல், நான்கு விரல் அகலத்தில் தளர்வாகச் சுருட்டிச் சிறு டப்பாவில் வையுங்கள். மின்சார ரயிலின் நெரிசலில் இறங்கும்போது கழற்றிவிடுவது நல்லது. யாருடைய பையிலாவது மாட்டி இழுபட்டால் முதலில் போவது அந்தக் கழுத்துதான்.

7. பழுது என்று முடிவு கட்டும் முன்

ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால், இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் வைத்துப் பாருங்கள். எப்படி மாற்றினாலும் அதே காதில்தான் குறைகிறது என்றால் குறை காதுக் குறும்பியில் இருக்கலாம், மருத்துவரிடம் போங்கள். வேறொரு மொபைலில் இணைத்துப் பாருங்கள். மொபைல் அமைப்பில் இடம், வலம் சமநிலைக் கோடு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். கைதவறி நகர்ந்திருப்பதை இரண்டு முறை கண்டிருக்கிறேன். இயர்பட்ஸ் என்றால் புளூடூத் பட்டியலிலிருந்து நீக்கி, கையேட்டில் உள்ளபடி ரீசெட் செய்து மீண்டும் இணையுங்கள். வயர் என்றால் பின்னருகே லேசாக வளைத்துப் பாருங்கள். ஒலி வந்து வந்து போனால் வயர்தான்.

இவற்றைச் செய்யும்போது ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டரில் அந்த நேரம் பார்த்து அது ஒழுங்காகப் பாடிவிட்டால் உங்களிடம் வேறு சாட்சி இருக்காது.

8. உத்தரவாதம் கேட்பது

முதலில் நிறுவனத்தின் தளத்திலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் புகார் பதிந்து, புகார் எண் வாங்குங்கள். அதன் பிறகு நேரில் போங்கள். கொண்டுபோக வேண்டியவை: பில்லின் நகல், வரிசை எண்ணின் படம், புகார் எண், வீடியோ, அடையாள அட்டை நகல். இயர்பட்ஸ் இரண்டையும் கேஸோடு சேர்த்தே கேட்பார்கள். ஒன்றை மட்டும் எடுத்துப் போனால் ஒரு பயணம் வீண். ரப்பரைக் கழுவிச் சுத்தமாகக் கொடுங்கள். அழுக்கோடு போனால் அதையே காரணமாக எழுதிவிடுவார்கள்.

பொருளை ஒப்படைக்கும்போது தேதியும் நீங்கள் சொன்ன குறையும் எழுதிய ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். கீறல் எதுவும் இல்லை, ஈரக்கறை எதுவும் இல்லை என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். என்னிடம் இரண்டாவது முறை “தண்ணீர் போயிருக்கிறது சார், வாரண்டி வராது” என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எங்கே, எந்தப் பாகத்தில் என்று எழுதித் தரும்படி கேட்டேன், எழுதித் தரவில்லை. அப்படிச் சொன்னால் நீங்களும் காரணத்தை எழுத்திலும் உள்பாகத்தின் படத்திலும் கேளுங்கள்.

மாற்றித் தரும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. மாற்றாக வருவது புதியதா, சீரமைத்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் வரிசை எண் பழையதிலிருந்து மாறும். புதிய எண்ணையும் தேதியையும் எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் மாற்றுக்குத் தனி உத்தரவாதம் கிடையாது, பழையதில் எஞ்சிய நாட்களே தொடரும்.

9. மறுத்தால் எங்கே போவது

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பிலும் புகார் அனுப்பலாம். பில், புகார் எண், ரசீது, மறுத்த தேதி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். என் புகார் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்ட பதினோராம் நாள் அவர்களே அழைத்து மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். இந்த உதவி எண் ஒரு சமரச ஏற்பாடுதான். நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குத் தொடுக்கலாம். மதுரையில் வாங்கிய இயர்பட்ஸுக்கு, வேலைக்காகச் சென்னை வந்திருக்கும் நீங்கள் இங்கேயே புகார் தரலாம் என்பது புதிதாக வந்தவர்களுக்குப் பெரிய வசதி. செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். ஆவணங்களைப் பிடிஎஃப்பாக முன்பே தயார் செய்து வைத்திருந்தால் ஒரு மாலைப்பொழுது போதும். ஆய்வுக்கூடச் சோதனை தேவைப்படாத புகாரை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புக் கிடைத்த மூன்று மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கு மேலும் இழுக்கலாம் என்ற எண்ணத்தோடு தொடங்குங்கள். 800 ரூபாய்ப் பொருளுக்கு இத்தனை தூரம் போவது அவரவர் விருப்பம். ஆறாயிரம் ரூபாய் கொடுத்திருந்தால் நான் தயங்காமல் போவேன்.

10. உத்தரவாதம் முடிந்த பிறகு

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போங்கள்; அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். வயர் இயர்போனின் பின்னை வெட்டிப் புதிய பின் பற்றவைக்க நான் கொடுத்தது 150 ரூபாய். அரை மணி நேரம் ஆனது. வேலை முடிந்ததும் அங்கேயே மாட்டி, இரு பக்கமும், மைக்கும் சோதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். 300 ரூபாய் இயர்போனுக்கு இந்தச் செலவு தகாது, 2,000 ரூபாய் இயர்போனுக்குத் தகும்.

இயர்பட்ஸின் பேட்டரி மாற்றத்தை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஒட்டிய மூடியைப் பிளந்துதான் திறக்க வேண்டும்; மூடிய பிறகு தண்ணீர் தாங்கும் தன்மை போய்விடும். ஒரு பக்கம் மட்டும் தொலைந்தாலோ செத்தாலோ, தனி இயர்பட் விற்கும் நிறுவனங்கள் உண்டு. விலை முழுச் செட்டின் பாதியைத் தாண்டினால் புதியதே மேல். தெரியாதவரிடம் ஒற்றை இயர்பட் வாங்கினால், மாடல் ஒன்றாக இருந்தும் மற்றதோடு இணையாமல் போகலாம்.

11. அப்புறப்படுத்துவது

செத்த இயர்பட்ஸைச் சமையலறைக் குப்பையோடு போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் அந்தச் சிறிய பேட்டரி தீப்பிடிக்கலாம். பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பை மேடுகளில் தீ எரிந்தால் புகையைச் சுவாசிப்பவர்கள் அங்கே குடியிருப்பவர்கள். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பழைய கருவிகளை மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அவர்கள் தளத்தில் சேகரிப்பு மையங்களின் முகவரி இருக்கும். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியல் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் கிடைக்கும். கொடுக்கும் முன் உங்கள் கணக்கோடும் மொபைலோடும் உள்ள இணைப்பை நீக்கிவிடுங்கள். அதுவரை பேட்டரி உள்ளதை, வெயில் படாத இடத்தில், சாவியும் சில்லறையும் இல்லாத தனி டப்பாவில் வைத்திருங்கள்.